கஞ்சா: இலையா, பூவா, செடியா?

தமிழில் கஞ்சா என்றால் செடியும் அதுதான், இலையும் அதுதான், பொட்டலத்தில் மடித்து விற்கும் சரக்கும் அதுதான். ‘கஞ்ஜா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. சித்த மருத்துவத்தில் இதே செடிக்குச் சிவமூலி, கோரக்கர் மூலி என்ற பெயர்களும் உண்டு. சொல் கடலும் தாண்டியது. மலாய்க்காரர்கள் அப்படியே சொல்கிறார்கள். 1845 முதல் ஜமைக்காவுக்குக் கூலிகளாகப் போன இந்தியர்களோடு போய் அந்தத் தீவின் பேச்சிலும் நிலைத்துவிட்டது.

அரசாங்கம் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் சொல் சுருங்கியது. பிரிட்டிஷ் அரசு 1893இல் அமைத்த விசாரணை ஆணையம் சரக்கை மூன்றாகப் பிரித்துப் பேசியது: இலை பாங், பிசின் சரஸ், பூங்கொத்து மட்டுமே கஞ்சா. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் பூக்கும், காய்க்கும் நுனியைத்தான் கஞ்சா என்கிறது. நுனி சேராத இலை அதில் அடங்காது. வாரணாசியில் உரிமம் பெற்ற கடையிலேயே பாங் விற்பது இதனால்தான்.

சிங்கப்பூரிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கள், பாங் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு அரசு வருமானம் பார்த்தது. இன்று அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1973ஆம் ஆண்டின் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தில் செடியின் எந்தப் பகுதியும், எந்தப் பெயரில் வழங்கினாலும், கஞ்சாதான். 15 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் கடத்துவதற்கென்றே சட்டம் அனுமானிக்கும். 500 கிராமுக்கு மேல் கடத்துவது மரண தண்டனைக்குரிய குற்றம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் புகைத்தாலும் குற்றமே. தண்டனையின் கடுமை பற்றிய விவாதம் தனி. வரையறையைப் பொறுத்தவரை இதுவே சரி என்பேன்.

ஏனென்றால் அமெரிக்காவில் நடந்தது கண்முன் இருக்கிறது. 2018இல் அங்கே, போதை தரும் டெல்டா-9 டிஎச்சி என்ற வேதிப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடியை ‘ஹெம்ப்’ என்று பெயரிட்டு விலக்கினார்கள். வியாபாரிகள் அந்த ஹெம்ப்பிலிருந்தே டெல்டா-8 டிஎச்சி தயாரித்து, மிட்டாயில் சேர்த்து விற்றார்கள். அதுவும் போதைதான். நம்மவர்களுக்கு இன்னொரு குழப்பம்: அகராதி ஹெம்ப்புக்குச் சணல் என்கிறது. கோணிப்பை நெய்யும் சணல் வேறு செடி, வயலில் மடக்கி உழுகிற சணப்பு வேறு செடி. இரண்டிலும் போதை கிடையாது. உறையில் ‘ஹெம்ப்’ என்றிருக்கும் மிட்டாயைச் சணல்தானே என்று நினைத்துவிடக்கூடாது. சிங்கப்பூரோ 2024 ஜூன் முதல், புதிய மனமயக்கப் பொருள்களைப் பெயர்ப் பட்டியலால் துரத்தாமல், அவை மூளையில் செய்யும் வேலையைக் கொண்டே தடுக்கிறது.

சிங்கப்பூரின் தேக்காவில் வசிப்போர் ஊருக்குப் போனால் சூரணமும் லேகியமும் வாங்கிவருவது வழக்கம். வயிற்றுக் கோளாறுக்குக் கொடுக்கும் ஜாதிபலாதி சூரணத்தில் ஜாதிக்காயோடு பாங் இலையும் சேரும். ஆயுர்வேதத்தில் பாங்குக்கு ‘விஜயா’ என்று பெயர். பெட்டி கட்டுமுன் டப்பாவின் பின்புறம் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். விஜயா, பங்கா என்று எதுவும் இருந்தால் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.