ஒட்டாகோ உடற்பயிற்சித் திட்டம்

முதியோர் விழுவதைத் தடுக்க நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் உருவான வீட்டுப் பயிற்சி முறை. ஜான் கேம்பல், கிளேர் ராபர்ட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் டனீடன் நகரில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இதைச் சோதித்து, முடிவை 1997-இல் வெளியிட்டனர். பின்னர் நடந்தவற்றையும் சேர்த்து நான்கு சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விழும் நிகழ்வுகள் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்திருந்தன.

இயன்முறை மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ வீட்டுக்கே வந்து, அவரவர் உடல்நிலைக்கேற்பப் பயிற்சிகளைத் தேர்ந்து கற்றுத்தருகிறார். கணுக்காலில் எடைப்பட்டை கட்டி முழங்காலை நீட்டுவதும் மடக்குவதும், காலைப் பக்கவாட்டில் தூக்குவதும் வலுவுக்கானவை. ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை மறு பாதத்தின் விரல்நுனியோடு ஒட்டி அடிவைப்பது, பின்னோக்கி நடப்பது, எட்டு வடிவில் நடப்பது, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது ஆகியவை சமநிலைக்கானவை. வாரம் மூன்று முறை, சுமார் அரை மணி நேரம். இடைப்பட்ட நாட்களில் நடை.

இதன் உயிர்நாடி படிப்படியான கடினம். முதலில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு செய்தவர் பின்பு பிடியை விடுகிறார், எடையும் கூடுகிறது. உடலைச் சற்றே தடுமாறவைக்காத பயிற்சியால் சமநிலை வளராது. நடை மட்டும் போதும் என்ற பரவலான நம்பிக்கை இதனால்தான் தவறு. தளர்ந்த கால்களோடு வேக நடைக்குக் கிளம்புவது விழும் வாய்ப்பைக் கூட்டவும் கூடும். பயிற்சியின்போது உறுதியான பிடிமானம் அருகில் இருக்க வேண்டும். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். கைவிட்டால் பெற்ற வலுவும் கரைந்துவிடும்.