டெவலப்மெண்ட்டுக்குத் தமிழ் என்ன?

எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு ‘ஜாயின்ட் டெவலப்மெண்ட்’ பேச பில்டர் வந்திருந்தார். மனை உங்களுடையது, கட்டுவது நாங்கள், ஃப்ளாட்டுகளைப் பங்கு போட்டுக்கலாம் என்று அரை மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த வீட்டுப் பாட்டி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: “டெவலப்மெண்ட்டுனா வீட்ட இடிக்கறதாப்பா?”

சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொல்லின் பின்னாலேயே திரிகிறேன்.

நம் தாத்தா காலத்தில் இது அபிவிருத்தி. வியாபார அபிவிருத்தி, வம்ச அபிவிருத்தி என்று கோயில் அர்ச்சனை வரைக்கும் புழங்கிய சொல். இலங்கையில் இன்றும் அதுதான்: நகர அபிவிருத்தி அதிகார சபை, பள்ளிக்கூடத்துக்கு பாடசாலை அபிவிருத்திச் சங்கம். இந்தப் பக்கம் தனித்தமிழ்க் காற்று அடித்ததில் அது ஒதுங்கி, வளர்ச்சி உள்ளே வந்தது. கலைக்களஞ்சியம் வெளியிட்ட தமிழ் வளர்ச்சிக் கழகம் 1946லேயே தொடங்கியது. பி.டி.ஓ. வட்டார வளர்ச்சி அலுவலர் ஆனார். முன்னேற்றம் 1949ல் ஒரு கட்சியின் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அந்தச் சொல்லை அரசியல் வாசனை இல்லாமல் கேட்பது கஷ்டம். பின்னால் வந்தது மேம்பாடு. இப்போது சாலை மேம்பாடு, திறன் மேம்பாடு, எல்லாமே மேம்பாடு.

பாட்டியின் கேள்விக்குப் பதில் இலக்கணத்தில் இருக்கிறது என்று தோன்றுகிறது. தமிழில் வளர்வது வேறு, வளர்ப்பது வேறு. செடி தானாக வளரும், அது வளர்ச்சி. ஆடு, கோழி, பிள்ளை இவற்றை ஒருவர் பாடுபட்டு வளர்க்கிறார், அது வளர்ப்பு. “பேச்சை வளர்க்காதே” என்று அம்மா அதட்டும்போதும் வளர்ப்பவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஊரை யாரோ திட்டம் போட்டு, நிலம் எடுத்து, மாற்றிக் கட்டினால் அதை நகர வளர்ப்பு என்று நாம் சொல்வதில்லை. நகர்ப்புற வளர்ச்சி என்கிறோம், ஏதோ மழைக்கு முளைத்த மாதிரி. செய்தவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விடுகிறார்.

கோடம்பாக்கத்தைச் சுற்றி எதுவும் தானாக முளைக்கவில்லை. 1920களில் மாம்பலம் ஏரியை வற்றவைத்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை. பிறகு சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வந்தது. அதன் முதலெழுத்துகள் சி.ஐ.டி. நகரில் நிற்கின்றன, எங்கள் டிரஸ்ட்புரத்தில் அந்த ‘டிரஸ்ட்’ மட்டும் மிச்சம், இம்ப்ரூவ்மென்ட் உதிர்ந்துபோனது. 1961ல் வீட்டு வசதி வாரியம் அமைந்தபோது டிரஸ்டின் வேலை அதன் கைக்குப் போனது. எழுபதுகளில் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மறுபடி வளர்ச்சி!

நடுவே கோடம்பாக்கம் இதே சொல்லுக்குத் தனக்கென்று வேறு அர்த்தங்கள் வைத்திருந்தது. “ஒரு லைன் இருக்கு சார், டெவலப் பண்ணணும்” என்று உதவி இயக்குநர்கள் டீக்கடை பெஞ்சில் சொன்னது ஒன்று. லேபில் நடந்தது இன்னொன்று. ஒளி பட்ட ஃபிலிமில் படம் ஏற்கெனவே பதிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. டெவலப்பர் கரைசல் அதை வெள்ளித் துகள்களாக வெளியே கொண்டுவரும். ஆங்கிலச் சொல்லின் மூல அர்த்தமே சுற்றியதைப் பிரிப்பதுதான் என்பதால் அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நம் ஆட்கள் அதற்கு வளர்ச்சி, மேம்பாடு என்றெல்லாம் தேடிப் போகவில்லை. ஃபிலிம் கழுவறது என்றார்கள். இருட்டறையில் கை என்ன செய்ததோ அதுவே பெயர். எனக்குப் பிடித்த மொழிபெயர்ப்பு இதுதான்.

டிஜிட்டல் வந்ததும் கழுவ ஃபிலிம் இல்லை. ஸ்டூடியோ நிலங்கள் அதற்கு முன்பிருந்தே வேறு அர்த்தத்தில் டெவலப் ஆகிக்கொண்டிருந்தன. நாகிரெட்டியின் விஜயா வாகினி வளாகம் ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று பேசப்பட்ட இடம். அந்த நிலத்தில் ஆஸ்பத்திரி வந்தது, ஹோட்டல் வந்தது, 2013ல் மாலும் வந்தது. ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செட் போட்ட தச்சர்களும் லைட்பாய்களும் அந்த மாலுக்குள் எதற்காகப் போவார்கள்?

அரசுப் பெயர்களில் செய்கிறவனை மறைக்காத ஒரு சொல் இருந்தது: 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம். மாற்று என்றால் யாரோ மாற்றுகிறார்கள். குடிசையை மாற்றினார்கள், சில சமயம் குடிசைக்காரர்களின் ஊரையே மாற்றினார்கள். கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்கள் பலர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனது அப்படித்தான். நகரத்துக்குள் வேலை, இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு. குடிசை என்ற சொல் அங்கே வாழ்கிறவர்களை உறுத்தியது என்பதும் நியாயம்தான், விலாசமாக அதை எழுத யாருக்குப் பிடிக்கும்? 2021ல் பெயர் மாறியது: தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். குடிசை போனதோடு மாற்றுகிறவரும் போய்விட்டார்.

புதுப் பெயரைப் பலகையில் பார்க்கிறேன். ஷேர் ஆட்டோவில் மட்டும் இன்னமும் ‘ஸ்லம் போர்டு ஸ்டாப்’ என்றுதான் கேட்டு இறங்குகிறார்கள்.