நெய்வேலியும் செவிலியர் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

செவிலியர் படிப்பில் சேர்ந்த மாணவி, பாடமும் பரீட்சையும் ஒருபுறம் இருக்க, ஆறு மாத காலம் ஆஸ்பத்திரியில் காலை, மாலை, இரவு என்று மாறி மாறி டியூட்டி பார்த்த பின்னரே பூரணத் தகுதி பெறுகிறாள் என்னும் இன்றைய ஏற்பாடு புதிய சீர்திருத்தம் போலத் தோன்றினும், அதன் பூர்வோத்தரத்தை ஆராய்வோருக்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீர்ப்புக் காணாத வழக்கொன்றின் தொடர்ச்சியே அது என்பது புலனாகும். வார்டில் நிற்கும் மாணவி கற்க வந்தவளா, ஆள் குறைவை நிரப்ப வந்தவளா என்பதே அவ்வழக்கு.

சென்னை எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-இல் தோன்றிப் பத்தாண்டு கழிந்தபின், 1854-இல், மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சியளிக்க அரசு ஏற்பாடு செய்தது. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1860-இல் நிறுவிய பள்ளியின் கீர்த்தி இங்கும் பரவ, 1871-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நான்கே மாணவிகளோடு, ஆறு மாதப் படிப்பாக ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கலாயிற்று. அக்காலத்தில் எங்குமே பயிற்சிப் பள்ளி ஆஸ்பத்திரியின் ஓர் அங்கமாகவே இருந்தது. உணவும் இருப்பிடமும் சிறு உதவித்தொகையும் பெற்ற மாணவியரின் உழைப்பிலேயே வார்டுகள் பெரும்பாலும் நடந்தன. கைப்பழக்கம் அதில் நிரம்பக் கிடைத்தது. காரணம் கேட்டறிய அவகாசம் கிடைத்தது அரிது.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1926-இல் சென்னை மாகாணச் சட்டம் செவிலியர்க்குப் பதிவுமுறையைக் கொணர்ந்தது. 1946-ஆம் ஆண்டோ இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரே நர்ஸ் என்னும் அவல நிலையைப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்திய அதே ஆண்டில், வேலூரிலும் டில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்பு தோன்றி, மாணவியை முதற்கண் மாணவியாகவே கருதும் நோக்கு இந்நாட்டில் வேரூன்றத் தொடங்கிற்று. மறு ஆண்டில் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் இயற்றப்பட்டது. பிற்காலத்தில், 2004-ஐ ஒட்டி டிப்ளமா படிப்பு ஆறு மாத இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து மூன்றரை ஆண்டாகி, 2015-க்குப் பின் அப்பயிற்சி உட்பட மூன்றாண்டாகச் சுருங்கியது.

வேலையோடு கூடிய பயிற்சி வேறொரு துறையில் எவ்வாறு நடக்கிறது என்பதை அறிய, இவ்விடத்தில் நெய்வேலியை நோக்குவது பொருத்தமுடையது. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் 1930-களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருள் பழுப்பு நிலக்கரி எனத் தெளிந்து, 1956-இல் நிறுவனம் அமைந்து, 1957-இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, சோவியத் உதவியோடு 1962-இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய இவ்வூரில், நகரியத்தோடு கூடவே அதற்கான மருத்துவமனையும் வளர்ந்தது. அப்ரண்டிஸ் என்பது இங்கே குழந்தைகளும் அறிந்த சொல். 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்படி பிட்டர், வெல்டர் முதலிய தொழில் பயில்வோருக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் உதவித்தொகையும் வேலை நேர வரம்பும் உண்டு. இரும்பைப் பற்றவைக்கப் பயில்வோனுக்கு அரசு அளித்துள்ள இப்பாதுகாப்பு இருக்க, மனித உடலைப் பேணப் பயிலும் பெண்களில் பலர் கல்லூரிக்குக் கட்டணம் செலுத்திக்கொண்டே இரவு டியூட்டி பார்க்க நேர்வது நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தொழில் நகரத்தில் கற்பதற்குள்ள விஷயமோ அளவிறந்தது. 2020 ஜூலை 1-ஆம் நாள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்துத் தொழிலாளர் பலர் உயிரிழந்த துயரத்தை நாடறியும். அத்தகைய வேளையில் கொணரப்படும் அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு உடலின் நாற்பது விழுக்காடு வெந்திருப்பின், கிலோ ஒன்றுக்கும் விழுக்காடு ஒன்றுக்கும் 4 மில்லி லிட்டர் என்னும் கணக்கில் முதல் நாளில் 9,600 மில்லி லிட்டர் திரவம் சிரை வழியே செலுத்தப்பட வேண்டும். அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்திற்குள் சென்றாக வேண்டும். அந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுவதேயன்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்த நேரத்திலிருந்து அன்று. இச்சூத்திரத்தைப் பரீட்சையில் பிழையின்றி எழுதிய மாணவியும், மணிக்கொரு முறை சிறுநீரை அளந்து கேஸ் ஷீட்டில் குறித்து, அது குறையும்போது டாக்டரை அழைக்கும் துணிவை, அனுபவமுள்ள சிஸ்டர் ஒருவர் அருகில் நிற்க, வார்டிலேதான் பெற இயலும். அந்த சிஸ்டர் அருகில் இல்லாத இரவில் மாணவியைத் தனியே நிறுத்துவது அவளுக்கும் நோயாளிக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்காகும்.

ஆகவே, இன்டர்ன்ஷிப் மாணவியரைப் பணியாளர் கணக்கில் சேர்க்காமலும், ஒவ்வொரு ஷிப்டிலும் கற்பிக்கும் பொறுப்புடைய மூத்த செவிலியர் ஒருவரை நியமித்தும், தொழிற்பயிலுநருக்குள்ள உதவித்தொகையை இவர்களுக்கும் சட்டப்படி உறுதிசெய்தும் ஆவன செய்ய நர்சிங் கவுன்சிலும் அரசும் முன்வர வேண்டும். தொழில் நகரங்களின் மருத்துவமனைகள் தம் வார்டுகளை இவர்களுக்கு மனமுவந்து திறந்துவிட வேண்டும்.