மரமும் றேந்தையும்



நம் வீட்டுத் தளபாடங்களுள் கட்டிலும் பெட்டகமும் தமிழ்ப் பெயரோடு நிற்கின்றன. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்பன போர்த்துக்கேயர் தந்த பெயர்கள். மேசையின் லாச்சியை ஒல்லாந்தர் தந்தனர். பலகைக்குப் பூசும் தீந்தையும், தலையணை உறையின் விளிம்பிலே பெண்கள் வைத்துத் தைக்கும் றேந்தையும் போர்த்துக்கேயச் சொற்களே. நான் வாழும் கிராண்ட்பாஸின் பெயரும் அவ்வழி வந்ததுதான். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்பது அதன் பொருள். 1822இல் ஆங்கிலேயர் அத்துறையிலே படகுகளை வரிசையாகப் பிணைத்துப் பாலம் அமைத்தனர். 1895இல் விக்டோரியாப் பாலம் எழும்வரை வண்டிகள் அப்படகுப் பாலத்தின் மீதே ஆற்றைக் கடந்தன.

அண்மைக் காலத்தில் எங்கள் பகுதியிலும் கொட்டாஞ்சேனையிலும் இரண்டொரு வீடுகளில் கதிரையும் றேந்தையும் தீந்தையும் ஒன்றுசேர்ந்திருக்கக் கண்டேன். பழைய அலுமாரியை அரத்தாள் கொண்டு தேய்க்கின்றனர். ஒரு நிறத் தீந்தையைப் பூசி உலர விடுகின்றனர். பின்னர் றேந்தைத் துணியொன்றை அதன்மேல் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, வேறொரு நிறத்தை மென்மையாகத் தெளிக்கின்றனர். துணியை எடுத்தால், நூல் மறைத்த இடம் முதல் நிறத்திலும், துளை விட்ட இடம் இரண்டாம் நிறத்திலும் அமைந்து, பூவும் கொடியும் பலகையிற் படிந்திருக்கும். செலவு சிறிது, பார்வைக்கும் அழகு. பழையதை விறகாக்காமற் காக்கும் எண்ணமும் அதில் உண்டு. ஆதலின் இவ்வழக்கத்தை இகழ நான் வரவில்லை. எந்த மரத்தின்மீது இது செய்யப்படுகிறது என்பதே என் கேள்வி.

ஒல்லாந்தரின் தாய்நாட்டிலே, பிரீஸ்லாந்துப் பகுதியில், ஹிண்டலோப்பன் என்றொரு சிறிய கடற்கரையூர் உண்டு. பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே செல்வம் பெருக்கிய அவ்வூர் மாலுமிகள் அலுமாரி, கதிரை, தொட்டில், சுவர்ப்பலகை யாவற்றையும் பூவும் கொடியுமாகத் தீட்டுவித்தனர். அவ்வூர்ப் பெண்கள் நம் சோழமண்டலக் கரையிலே எழுதப்பெற்ற பூச்சீலைகளை விரும்பி அணிந்தனர் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். மென்மரப் பலகைக்குத் தன்னளவில் காட்ட அதிகம் இல்லை. அதற்கு வண்ணம் ஓர் ஆடை.

அதே ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைக் கைப்பற்றி, 1796இல் ஆங்கிலேயரிடம் இழக்கும்வரை இங்கு ஆண்டனர். இங்கே அவர்களுக்குக் கிடைத்த மரங்கள் வேறு. நீரிலிட்டால் மூழ்கும் கருங்காலி, பொன்னிறமாய்ப் பளபளக்கும் முதிரை, ஆண்டுதோறும் நிறம் முதிரும் பலா, நெடுன், எல்லாவற்றிலும் மேலாக, கபில நிறத்திலே கரும்பட்டைகள் ஓடும் கலமந்தர். சிங்களத்தில் இதனைக் களுமெதிரிய என்பர். இத்தகைய மரத்தைக் கண்ட தச்சனுக்குத் தீந்தை எதற்கு? அவன் றேந்தையை வேறு வழிகளிற் காட்டினான். கதிரையின் இருக்கையிலே பிரம்பைப் பின்னினான்; அதுவே றேந்தை. பெட்டகத்தின் பூட்டிடத்திலே பித்தளைத் தகட்டைத் துளைத்துக் கொடிகளாக்கினான். வட்டமான பிரம்பு இருக்கையும், அதனைச் சூழ்ந்து வளைந்த முதுகும், ஆறு கால்களும் கொண்ட பேர்கோமாஸ்ரர் கதிரையில் முட்டை வடிவச் சட்டங்களுக்குள்ளே இலையும் பூவும் செதுக்கினான்.

சோழமண்டலக் கரையின் கருங்காலிக் கதிரைகளைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. பலகை முழுவதும் தாழ்ந்த செதுக்கலாகப் பூக்கள் நிறைந்த அக்கதிரைகள் இங்கிலாந்து சென்றபோது, பதினெட்டாம் நூற்றாண்டின் கனவான்கள் அவற்றைத் தம் நாட்டுத் தியூடர் மன்னர் காலத்தவை என நம்பினர். ஹொரேஸ் வால்போல் என்ற அறிஞரும் அவ்வாறு நம்பித் தமது ஸ்ரோபெரி ஹில் மாளிகைக்கு அத்தகைய கதிரைகளை வாங்கினார். கீழைத்தேயத் தச்சர் செதுக்கிய கதிரைக்கு எட்டாம் ஹென்றியின் காலத்தைக் கற்பித்துவிட்டனர்! அம்மயக்கம் தெளிந்தது எவ்வாறு? மரத்தின் இனம், உளிச்சுவடு, மூட்டுகளின் பொருத்து, பிரம்பு கோத்த துளை ஆகியவற்றைப் பிற்காலத்தவர் கூர்ந்து நோக்கியதனால்தான். கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராய் இருந்த ஜோசப் பியர்சன் இலங்கையிலுள்ள ஐரோப்பியக் கதிரைகளை ஆராய்ந்து எழுதினார். பின்னர் ஆர். எல். புரோகியர் ஒல்லாந்தர் காலத் தளபாடங்களைப் பற்றித் தனி நூலே செய்தார். தீந்தை மூடிய கதிரையில் இவர்கள் எதனைப் படித்திருக்க முடியும்?

எங்கள் கிராண்ட்பாஸிலிருந்து சிறிது தூரம் நடந்தால் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தை அடையலாம். அதனுள்ளே ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகள் பேணப்பட்டு வந்துள்ளன. மாணவர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பாடநூல் தராத ஒன்றை அவை தரும்.

கலமந்தரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலிலே எமர்சன் ரெனென்ற் இம்மரம் வரைமுறையின்றி வெட்டப்பட்டு அரிதாகிவிட்டதை எடுத்துரைத்தார். அவர் எழுதி ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நம் வீட்டு மூலையிற் கிடக்கும் கலமந்தர்ப் பலகைக்கு ஈடாகக் கடையில் ஒன்று வாங்குதல் இயலாது.

வண்ணத்தைப் பகைப்பவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். மாத்தளைப் பகுதியின் ஹப்புவிதவிலே அரக்கு வேலை செய்வோர் நிறமேற்றிய அரக்கைச் சூடாக்கி, நூலிழைபோல் இழுத்து, பெருவிரல் நகத்தாலே மரத்தின்மேற் பதித்துக் கொடியும் கோலமும் இடுவர். நியபொத்து வேலை என்று அதற்குப் பெயர். கொழும்பிலே பிறந்த தமிழ்ப் பேரறிஞர் ஆனந்த குமாரசுவாமி இத்தகைய கைத்தொழில்களின் பெருமையை 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே உலகறியச் செய்தார். அவ்வண்ணம் அப்பொருளுக்கென்றே பிறந்தது.

பழைய மெருகு அவலரக்கை ஸ்பிரிற்றிலே கரைத்துப் பஞ்சுப் பொதியால் மெல்லத் தேய்த்து ஏற்றப்பட்டது. பழுதானால் அதே ஸ்பிரிற்று அதனைக் கரைத்துவிடும், மரத்திற்கு ஊறில்லை. எனாமல் தீந்தையோ மரத்தின் நுண்துளைகளிலும் செதுக்கலின் பள்ளங்களிலும் இறங்கிவிடும். அதனைச் சுரண்டி எடுக்கப் புகுந்தால் அரை அங்குல ஆழமும் இல்லாத பூவிதழின் கூர்மை கத்தியோடு போய்விடும்.

ஆகவே தூரிகையை எடுக்குமுன் கதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள். இருக்கையின் அடிப்புறத்தில் மெருகும் அழுக்கும் குறைவு. அங்கே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் மரத்தின் ரேகை தெரியும். கரும்பட்டை ஓடுகிறதா, பொன்னிறம் மின்னுகிறதா, தூக்கினால் கை சோர்கிறதா? அப்படியானால் தேன்மெழுகும் பழைய பருத்தித் துணியும் போதும். வெளுத்த, பாரமற்ற, ஆணியடித்துச் சேர்த்த மென்பலகையாயின் றேந்தையை எடுத்து வாருங்கள். விரும்பிய நிறத்தைத் தெளியுங்கள்.