கொரோனா கட்டுப்பாடுகளும் தடுப்பூசியும் (திருநெல்வேலி)

கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் (2020–2022) தாமிரபரணிக் கரை ஊர்கள் கண்ட பொதுமுடக்கம், வழிபாட்டுத் தடை, தடுப்பூசி இயக்கம் ஆகியவற்றைக் குறிப்பது. 2020 மார்ச் இறுதியில் மேலப்பாளையத்தின் சாலைகள் அடைக்கப்பட்டன. மக்களை ஆழமாகத் தொட்டது விழாத் தடையே: நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் 2020, 2021 ஆண்டுகளில் ஓடவில்லை, 2022 ஜூலையில்தான் ரதவீதிகளில் மீண்டும் வடம் பிடிக்கப்பட்டது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கும் வழக்கமும் தடைபட்டது. இரண்டாம் அலையில் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம் மருத்துவமனைகளுக்குத் திரவ ஆக்சிஜன் வழங்கியது.

தடுப்பூசி 2021 ஜனவரி 16 அன்று நாடெங்கும் சுகாதாரப் பணியாளர்களிடம் தொடங்கியது. கோவிஷீல்டு, கோவாக்சின் செலுத்தப்பட்டன. ஊசி போட்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 17இல், நடிகர் விவேக் மறைந்தது தமிழகமெங்கும் தயக்கத்தைக் கூட்டியது. மரணத்துக்கு ஊசி காரணமன்று என ஒன்றிய அரசின் குழு பின்னர் அறிவித்தது. செப்டம்பர் 12 முதல் மாநிலமெங்கும் மெகா முகாம்கள் நடந்தன.