தொடர்வண்டி நோக்கல்

தொடர்வண்டி நோக்கல் என்பது தொடர்வண்டி நிலையங்களிலும் பாதையோரப் பொது இடங்களிலும் நின்று, வந்து செல்லும் இயந்திரங்களின் எண்களையும் வகைகளையும் கண்டறிந்து குறித்துக்கொள்ளும் பொழுதுபோக்கு ஆகும். இதில் ஈடுபடுவோர் தொடர்வண்டி நோக்குநர் எனப்படுகின்றனர். 1940களில் பிரித்தானியாவில் பெரும் அளவில் பரவிய இப்பொழுதுபோக்கு, இன்று இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகளில் வெவ்வேறு வடிவங்களில் காணப்படுகின்றது. பல பாதைகள் கூடும் சந்திப்பு நிலையங்களே நோக்குநர்கள் பெரிதும் விரும்பும் இடங்களாகும்.

அடிப்படை

ஒவ்வொரு தொடர்வண்டி இயந்திரத்திற்கும் அதற்கே உரிய எண் ஒன்று உண்டு. நோக்குநர் அந்த எண், நாள், இடம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுகின்றார். பின்னர், எல்லா இயந்திரங்களின் எண்களும் வரிசையாக அச்சிடப்பட்ட நூலில் அந்த எண்ணின் கீழ்க் கோடிடுகின்றார். ஒரு வகையைச் சேர்ந்த எல்லா இயந்திரங்களையும் பார்த்து முடிப்பது பலரின் குறிக்கோளாகும்.

தன் கண்ணால் கண்ட எண்ணின் கீழ் மட்டுமே கோடிட வேண்டும் என்பது இதன் எழுதப்படாத விதியாகும். இதனைச் சரிபார்ப்பவர் எவரும் இல்லை. எனவே குறிப்பேட்டின் மதிப்பு, எழுதுபவரின் நேர்மையை மட்டுமே சார்ந்துள்ளது.

வரலாறு

இயந்திரங்களின் எண்களைக் குறிக்கும் பழக்கம் பிரித்தானியாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே இருந்தது. தொடர்வண்டி ஆர்வலர்களுக்கான 'ரெயில்வே மேகசின்' இதழ் 1897இல் தொடங்கப்பட்டது. எனினும் இப்பழக்கம் சிறுவர்களிடையே பரவக் காரணமானவர் ஐயன் ஆலன் (1922–2015) ஆவார். இவர் சதர்ன் ரெயில்வே நிறுவனத்தின் அலுவலகத்தில் பணியாற்றினார். இயந்திரங்களைப் பற்றிக் கேட்டு எழுதியோருக்கு ஒவ்வொருவராக விடை எழுதுவதை விட, எல்லா விவரங்களையும் ஒரே சிறு நூலில் தருவது எளிது என இவர் கருதினார். அதன்படி 1942இல் அந்நிறுவனத்தின் இயந்திரங்களைப் பட்டியலிடும் கையடக்க நூலை வெளியிட்டார். அது விரைவில் விற்றுத் தீர்ந்ததால், பிற நிறுவனங்களின் இயந்திரங்களுக்கும் இத்தகைய நூல்கள் வெளிவந்தன.

1944இல் டாம்வொர்த் என்னும் ஊரில், இயந்திரங்களைப் பார்ப்பதற்காகத் தொடர்வண்டிப் பாதையில் அத்துமீறி நுழைந்த சிறுவர்கள் பிடிபட்டனர். இதனால் இப்பொழுதுபோக்கிற்கே கெட்ட பெயர் ஏற்பட்டது. இதனைத் தொடர்ந்து ஐயன் ஆலன் நோக்குநர்களுக்கான கழகம் ஒன்றைத் தொடங்கினார். பாதையில் நுழைவதில்லை என உறுதியளிப்போரே அதில் உறுப்பினராக முடிந்தது. காலப்போக்கில் இலட்சக்கணக்கானோர் இக்கழகத்தில் இணைந்தனர்.

குரூ நிலையம்

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள குரூ, நோக்குநர்களிடையே மிகவும் புகழ்பெற்ற நிலையங்களுள் ஒன்றாகும். 1837இல் திறக்கப்பட்ட இந்நிலையத்திலிருந்து ஆறு திசைகளில் பாதைகள் பிரிகின்றன. இவை தெற்கே ஸ்டாஃபோர்டு, வடக்கே வாரிங்டன், மற்றும் மான்செஸ்டர், செஸ்டர், ஸ்ரூஸ்பரி, ஸ்டோக் ஆகிய ஊர்களை நோக்கிச் செல்கின்றன. நிலையத்தின் அருகிலேயே அமைந்த குரூ பணிமனையில் ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட நீராவி இயந்திரங்கள் கட்டப்பட்டன. ஆதலால் புதிதாகக் கட்டப்பட்ட, பழுது பார்க்கப்பட்ட இயந்திரங்களை இங்கு எளிதில் காண முடிந்தது.

1960 செப்டம்பரில் குரூ – மான்செஸ்டர் பாதை மின்மயமாக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நீராவி, டீசல், மின்சாரம் ஆகிய மூவகை இயந்திரங்களையும் ஒரே நடைமேடையில் நின்று காணும் வாய்ப்பு ஏற்பட்டது. குரூவிற்கு வடக்கே கிளாஸ்கோ வரை மின்மயமாக்கல் 1974இல் முடிந்தது. அதுவரை, இலண்டனிலிருந்து வடக்கு நோக்கிச் சென்ற வண்டிகளில் மின்சார இயந்திரம் இங்கு கழற்றப்பட்டு, டீசல் இயந்திரம் பூட்டப்பட்டது. இதனால் ஒரே வண்டியில் இரண்டு எண்களைக் குறிக்க முடிந்தது.

எண்முறைகள்

1948இல் பிரித்தானியத் தொடர்வண்டி நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஒரே எண் இருமுறை வராதிருக்க, சதர்ன் நிறுவன இயந்திரங்களின் எண்களுடன் பொதுவாக 30000, இலண்டன் மிட்லாண்டு நிறுவன எண்களுடன் 40000, வடகிழக்கு நிறுவன எண்களுடன் 60000 கூட்டப்பட்டன. மேற்கு நிறுவனத்தின் நீராவி இயந்திரங்கள் பழைய எண்களையே தக்கவைத்துக்கொண்டன. 1938 சூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டிய மல்லார்டு இயந்திரம் இதற்கு எடுத்துக்காட்டாகும். 4468 என்ற எண்ணைக் கொண்டிருந்த அது 1946இல் 22 எனவும், நாட்டுடைமைக்குப் பின் 60022 எனவும் எண் மாற்றம் பெற்றது.

நீராவி இயந்திரத்தின் முகப்பில் எண் பலகைக்குக் கீழே, அது எந்த இயந்திரக் கொட்டகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் சிறு தகடும் இருந்தது. குரூ வடக்குக் கொட்டகையின் குறியீடு 5ஏ, தெற்குக் கொட்டகையின் குறியீடு 5பி ஆகும்.

1970களில் கணினி சார்ந்த எண்முறை நடைமுறைக்கு வந்தது. இதில் முதல் இரு இலக்கங்கள் வகையையும், எஞ்சியவை தனி இயந்திரத்தையும் குறிக்கின்றன. எடுத்துக்காட்டாக, 47401 என்பது 47ஆம் வகையைச் சேர்ந்த இயந்திரமாகும்.

இயந்திரத்தின் எண்ணைத் தவிர, ஒவ்வொரு பயணத்திற்கும் தனிக் குறியீடு உண்டு. பிரித்தானியாவில் இக்குறியீட்டின் முதல் இலக்கம் வண்டியின் தரத்தைக் காட்டுகின்றது. 1 விரைவு வண்டியையும், 2 சாதாரணப் பயணிகள் வண்டியையும், 5 பயணிகள் இன்றிச் செல்லும் பெட்டிகளையும், 0 தனியே செல்லும் இயந்திரத்தையும் குறிக்கும்.

இந்தியாவில்

இந்தியாவில் இயந்திர எண்ணுடன் வகைக் குறியீடும் நோக்கப்படுகின்றது. இக்குறியீட்டின் எழுத்துகள் பின்வருமாறு பொருள்படும்.

* முதல் எழுத்து (பாதை): டபிள்யூ – அகலப் பாதை, ஒய் – மீட்டர் பாதை, இசட், என் – குறுகிய பாதைகள்.
* இரண்டாம் எழுத்து (ஆற்றல்): டி – டீசல், ஏ – மாறு மின்னோட்டம், சி – நேர் மின்னோட்டம்.
* மூன்றாம் எழுத்து (பணி): பி – பயணிகள் வண்டி, ஜி – சரக்கு வண்டி, எம் – இரண்டும், எஸ் – பெட்டிகளை இடம் மாற்றுதல்.

இதன்படி டபிள்யூஏபி-7 என்பது அகலப் பாதையில் மாறு மின்னோட்டத்தால் இயங்கும் பயணிகள் வண்டி இயந்திரமாகும். நேர், மாறு மின்னோட்டங்கள் இரண்டிலும் இயங்கும் இயந்திரங்களுக்குச் சி, ஏ ஆகிய இரு எழுத்துகளும் சேர்ந்து வரும். இயந்திரத்தின் உடலில், அது சார்ந்த லோகோ ஷெட்டின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் அரக்கோணம், ஈரோடு, இராயபுரம் ஆகிய இடங்களில் மின்சார லோகோ ஷெட்டுகள் உள்ளன.

1873இல் திறக்கப்பட்ட சென்னை சென்ட்ரல் நிலையம் 2019 முதல் புரட்சித் தலைவர் டாக்டர் எம். ஜி. இராமச்சந்திரன் பெயரால் வழங்குகின்றது. இது முனைய நிலையம், அதாவது பாதைகள் முடிவடையும் நிலையம் ஆகும். இங்கு வந்து சேரும் வண்டியின் இயந்திரம் பாதை முடிவில், பயணிகள் கூடும் முன்மண்டபத்தை ஒட்டி நிற்கும். எனவே அதன் எண்ணையும் ஷெட்டின் பெயரையும் அருகிலிருந்து படிக்கலாம். புறப்படும் வண்டியின் இயந்திரத்தைக் காண நடைமேடையின் மறுமுனை வரை நடக்க வேண்டும். வெளிமாநில வண்டிகளுடன் பிற மண்டலங்களின் இயந்திரங்களும் வருவதால், ஓர் இயந்திரம் எவ்வளவு தொலைவு பணிக்கு அனுப்பப்படுகின்றது என்பதை இங்கு நேரடியாக அறியலாம்.

மாற்றங்கள்

பிரித்தானியாவின் தேசியத் தொடர்வண்டி அமைப்பில் நீராவி இயந்திரங்களின் முதன்மைப் பாதைச் சேவை 1968 ஆகத்து மாதத்தில் முடிவுக்கு வந்தது. பலர் அத்துடன் இப்பொழுதுபோக்கைக் கைவிட்டனர். பின்னர், தனி இயந்திரம் இல்லாது பெட்டிகளுக்கு அடியிலேயே இழுவைப் பொறிகள் பொருத்தப்பட்ட வண்டிகள் பெருகியதால், காண்பதற்குரிய இயந்திரங்களின் எண்ணிக்கை மேலும் குறைந்தது.

இந்தியாவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்து வருகின்றது. சென்னைப் பெரம்பூரில் உள்ள இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் 2018இல் உருவாக்கப்பட்ட வந்தே பாரத் வண்டியில் தனி இயந்திரம் இல்லை. இது 2019இல் புது தில்லி – வாரணாசி இடையேயும், 2022இல் சென்னை – மைசூர் இடையேயும் சேவையைத் தொடங்கியது. அகலப் பாதைகளின் மின்மயமாக்கலால் டீசல் இயந்திரங்களும் குறைந்து வருகின்றன.

பதிவுகளின் பயன்

எந்த இயந்திரம் எந்நாளில் எந்த வண்டியை இழுத்தது என்பது போன்ற அன்றாடச் செய்திகள் நிறுவன ஆவணங்களில் நீண்ட காலம் பாதுகாக்கப்படுவதில்லை. இவ்விடைவெளியை நோக்குநர்களின் குறிப்பேடுகள் ஓரளவு நிரப்புகின்றன. 1960களில் பிரித்தானிய நீராவி இயந்திரங்கள் உடைக்கப்பட்ட இடங்கள், நாள்கள் பற்றி முன்பு வெளியான பட்டியல்கள் சிலவற்றில் பிழைகள் இருந்தன. பல நோக்குநர்களின் குறிப்பேடுகளை ஒப்பிட்டு அவற்றைத் திருத்த முடிந்தது. காணாததைக் கண்டதாக எழுதிய ஒரு பதிவு, இத்தகைய ஒப்பீட்டில் பிற பதிவுகளையும் ஐயத்திற்கு உள்ளாக்கும். கோடிடுதல் பற்றிய விதி இங்கு வெறும் விளையாட்டு விதியாக நின்றுவிடுவதில்லை.

பாதுகாப்பும் சட்டமும்

நோக்குநர்கள் நடைமேடையில் நிற்பது தொடர்வண்டித் துறையின் இசைவைப் பொறுத்ததாகும். நடைமேடையின் விளிம்பிலிருந்து விலகி நிற்றல், ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும் மின்வெட்டொளியைப் பயன்படுத்தாதிருத்தல், பயணிகளுக்கு இடையூறு செய்யாதிருத்தல் ஆகியன பொதுவான விதிகளாகும். மின்சார வண்டிகள் அதிக ஒலியின்றி வருவதால் பாதையில் இறங்குவது மிகவும் ஆபத்தானது. இந்தியாவில் பயணச்சீட்டு இல்லாதோர் நடைமேடைச் சீட்டு பெற வேண்டும். பாதையில் அத்துமீறி நுழைவது 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

இவ்விதிகள் எப்போதும் பின்பற்றப்படுவதில்லை. 2016 பெப்ரவரி 25 அன்று, புதுப்பிக்கப்பட்ட பிளையிங் ஸ்காட்ஸ்மேன் இயந்திரம் இலண்டனிலிருந்து யார்க் நகருக்குச் சென்றபோது, அதைக் காண வந்தோர் பாதையில் நுழைந்ததால் பயணம் தாமதமானது. டாம்வொர்த் நிகழ்விற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே சிக்கல் நீடிப்பதை இது காட்டுகின்றது.

பண்பாட்டில்

பிரித்தானியாவில் நோக்குநர்கள் நெடுங்காலமாகக் கேலிக்கு உள்ளாகி வந்துள்ளனர். அவர்கள் அணிந்த அனோராக் என்னும் தலைமூடி கொண்ட மழைச்சட்டையின் பெயரே, பிறருக்கு ஆர்வமூட்டாத ஒன்றில் மூழ்கியிருப்பவரைக் குறிக்கும் கேலிச் சொல்லாக மாறியது. இர்வின் வெல்சு எழுதிய 'டிரெயின்ஸ்பாட்டிங்' (1993) புதினமும், அதனைத் தழுவிய 1996ஆம் ஆண்டுத் திரைப்படமும் இப்பொழுதுபோக்கின் பெயரைத் தாங்கியிருப்பினும், அவை எடின்பரோவில் போதைப்பொருளுக்கு அடிமையான இளைஞர்களைப் பற்றியவையாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* நீராவி இயந்திரம்
* இந்திய இரயில்வே
* சென்னை சென்ட்ரல் தொடர்வண்டி நிலையம்
* பறவை நோக்கல்