குப்பி: ஒரு சொல்லும் அதன் மூடியும்

2021 கோடையில், தடுப்பூசிக்காக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழு பேர் இருந்தோம். "இன்னும் மூணு பேர் வரட்டும் சார். பத்துப் பேர் சேர்ந்தாத்தான் வயல் ஓப்பன் பண்ண முடியும்" என்றார் செவிலியர். அவர் 'வயல்' என்றதைச் செய்தித்தாள்கள் 'குப்பி' என்று எழுதின. அந்த ஏப்ரல், மே மாதங்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி முன்னால் ரெம்டெசிவிர் குப்பிகளுக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். கள்ளச்சந்தையில் குப்பி விற்றவர்கள் பிடிபட்டார்கள். வீட்டுப் பேச்சில் பாட்டில், சீசா என்றே புழங்கிய நமக்கு அச்சில் குப்பி திரும்ப வந்தது.

நல்ல தமிழ்ச்சொல் ஒன்று மீண்டுவிட்டதாக எனக்குக்கூட ஒரு சின்ன சந்தோஷம். தமிழ் எம்.ஏ. படித்தவனின் வியாதி அது. ஈழத்திலிருந்து வந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "எப்பிடி நீங்கள் இந்தச் சொல்லை இவ்வளவு லேசாப் பாவிக்கிறியள்?" என்றார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கு நான் தேடிய பதில். அன்றைக்கு அவரிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

குப்பி தமிழா, வந்த சொல்லா என்ற வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. மலையாளத்தில் எல்லாக் கண்ணாடிப் புட்டியும் குப்பிதான், கண்ணாடி வளையல் குப்பிவளை. இந்தியில் எண்ணெய், நெய் வைக்கும் தோல்பை குப்பா, அதில் சிறியது குப்பி. சிங்களத்திலும் குப்பி உண்டு. தமிழில் மாட்டுக் கொம்பின் நுனியில் செருகும் பித்தளைப் பூணுக்கும் அதே பெயர். ஒரு சொல் இத்தனை மொழிகளில் புழங்கும்போது அதன் பிறப்புச் சான்றிதழைத் தேடுவது நம் தூய்மைவாதத்தின் பழைய நோய். ஒரு சொல்லை யார் கையில் எடுத்தார்கள், எதற்காக எடுத்தார்கள் என்பதில்தான் அர்த்தம் உருவாகிறது. குப்பியைப் பொறுத்தவரை இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: அதை மூடியது யார், திறக்கும் அதிகாரம் யாருடையது?

சித்த மருத்துவத்தில் 'காசிக்குப்பி' என்று ஒன்று உண்டு. கண்ணாடிக் குப்பி. இரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்திலிட்டு அரைத்து அதில் அடைப்பார்கள். குப்பியின் மேல் ஏழு சுற்று சீலைமண் செய்வார்கள். மணல் நிரப்பிய பாண்டத்தில் இறக்கி, சிறுதீயில் தொடங்கிப் படிப்படியாகத் தீயைக் கூட்டி எரிப்பார்கள். மருந்து ஆவியாகி ஏறிக் குப்பியின் கழுத்தில் படியும். ஆறியபின் குப்பியை உடைத்துத்தான் அதை எடுக்க முடியும். நஞ்சு மருந்தாகும் இடம் அந்தக் குப்பி. உடைக்கும் அதிகாரம் வைத்தியனுடையது. அந்த அறிவும் பரிபாஷைக்குள் மூடி வைக்கப்பட்டதுதான்.

நவீன மருத்துவத்தின் குப்பிக்கும் இதே குணம். 1886இல் பாரிஸ் மருந்தாளர் ஸ்தானிஸ்லாஸ் லிமூசன், ஊசிமருந்து கெட்டுப்போகாமல் இருக்கக் கழுத்தைத் தீயில் உருக்கி மூடும் கண்ணாடிச் சிமிழைச் செய்தார். அதன் பெயர் ஆம்பூல். நம் செவிலியர் வாயில் 'ஆம்பியூல்'. ஒருமுறை கழுத்தை உடைத்தால் மறுபடி மூட முடியாது. அதே பெயரில் பிரான்சில் இன்னொரு சிமிழும் இருந்தது. மன்னர்களுக்கு முடிசூட்டும்போது பூசும் புனித எண்ணெய் ரேம்ஸ் நகரில் அதற்குள்தான் பாதுகாக்கப்பட்டது. 1793 அக்டோபரில், புரட்சியின்போது, அதை ஊர் நடுவில் போட்டு உடைத்தார்கள். உடைத்தவர்களுக்கு அது வெறும் கண்ணாடி இல்லை என்று தெரிந்திருந்தது. மூடிய சிமிழுக்குள் ஓர் அதிகாரம் உட்கார்ந்திருந்தது.

இனி என் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஈழத் தமிழில் பெரிய புட்டிக்குப் 'போத்தல்' இருக்கிறது. ஆகவே 'குப்பி' சின்னஞ்சிறு கண்ணாடிக்கென்று ஒதுங்கியது. அந்த ஒதுங்கிய இடத்தில்தான் சயனைடு வந்து உட்கார்ந்தது. 1974 ஜூன் 5 அன்று உரும்பிராயைச் சேர்ந்த பொன். சிவகுமாரன், பொலிஸிடம் பிடிபடும் தறுவாயில் சயனைடு அருந்தி இறந்தார். பின்னால் விடுதலைப் புலிகள் கழுத்தில் குப்பி அணிவதைத் தங்கள் இயக்க விதியாக்கினார்கள். 1987 அக்டோபர் 5 அன்று, பலாலியில் இலங்கை ராணுவத்தின் பிடியிலிருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிரண்டு பேர் கொழும்புக்குக் கொண்டுபோகப்படவிருந்த நேரத்தில் சயனைடு அருந்தி இறந்தார்கள்.

ஏன் குப்பி? இலங்கை அரசின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்றது. அதாவது, உடலை வதைத்துப் பேச்சை எடுக்கும் ஒரு ஏற்பாட்டுக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது. குப்பி அந்த ஏற்பாட்டுக்கு எதிர்வினை. அதற்குள் இருந்தது சயனைடு மட்டுமில்லை. பேசாமலிருக்கும் உறுதியும் அதில் அடைக்கப்பட்டிருந்தது. அரசு வாயைத் திறக்கப் பார்த்தது, குப்பி அந்த வாயை நிரந்தரமாக மூடியது.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் அது வீரவணக்கக் கட்டுரையாகிவிடும். தமிழ்நாட்டில் அப்படி நிறைய எழுதியாகிவிட்டது. விதியாக ஆன பிறகு விருப்பம் என்று எதைச் சொல்வது? பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை இயக்கம் படையில் சேர்த்ததை யுனிசெஃப் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறது. பதினைந்து வயதுக் கழுத்தில் தொங்கும் குப்பியைத் திறக்கும் அதிகாரம் யாருடையது? எதிரி உடலை எடுத்துக்கொள்வதற்கு முன்னால் இயக்கம் அதை எடுத்துக்கொண்டது என்றுதானே படிக்க வேண்டியிருக்கிறது? அரசின் வதைக்கூடத்தை மறைத்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்பது அயோக்கியத்தனம். வதைக்கூடத்தைக் காட்டி இந்தக் கேள்வியை அடைப்பதும் அதே அளவு அயோக்கியத்தனம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வேறு வழியாக நுழைந்தது. 1991 மே 21 ராஜீவ் காந்தி கொலை. ஆகஸ்டில் பெங்களூருக்கு அருகே கோணனகுண்டேயில் சிவராசன் தன்னைச் சுட்டுக்கொண்டார், சுபா உள்ளிட்டோர் சயனைடு அருந்தினார்கள். அதன் பிறகு குப்பி ஒரு போலீஸ் தடயமாயிற்று. கழுத்தில் குப்பி இருந்தால் புலி. ஒரு பக்கம் தியாகத்தின் சின்னம், மறுபக்கம் பயங்கரவாதத்தின் சாட்சியம். இரண்டு சொல்லாடல்களும் சண்டை போட்டாலும் ஒன்றில் ஒத்துப்போயின. குப்பி என்றால் மரணம், அதைத் தவிர வேறு அர்த்தம் அதற்கு வேண்டாம்.

ஆனால் வேறு அர்த்தம் அதே தெருவில், அதே ஆண்டுகளில் இருந்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் துளித்துளியாகக் கணக்குப் பார்க்கப்பட்டது. ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். இப்படிச் சின்னப் புட்டியில் செய்கிற விளக்குக்குக் 'குப்பி விளக்கு' என்று பெயர். ஒரே வீட்டில் அண்ணனின் கழுத்தில் ஒரு குப்பி, தங்கையின் மேசையில் ஒரு குப்பி என்று இருந்திருக்கக்கூடும். நம்முடைய கட்டுரைகளும் கவிதைகளும் கழுத்துக் குப்பியைத்தான் பார்த்தன. மேசைக் குப்பி யார் கண்ணிலும் படவில்லை. படிப்பதற்காக எரிந்த விளக்கில் காவியத்துக்கான கச்சாப்பொருள் கிடையாது போலும்.

அந்த இரண்டாவது குப்பி இன்னும் அணையவில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குத் தாங்களே நடத்தும் பாடத்துக்குக் 'குப்பி' என்று பெயர். சிங்கள மாணவர்களும் அதையே சொல்கிறார்கள். குப்பி விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்த பழக்கத்திலிருந்து வந்த பெயர் என்று சொல்லப்படுகிறது. விரிவுரையாளர் இல்லை, வருகைப் பதிவு இல்லை. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். போருக்கு இரண்டு பக்கமும் இருந்த இரண்டு மொழிகளுக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கும் சொற்களில் இது ஒன்று. 2009 மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் சொல்லிக் கழுத்துக் குப்பியை மறக்கச் சொல்லவில்லை. மறந்தால் அந்தப் பிள்ளைகள் இரண்டாம் முறை வாயடைக்கப்படுவார்கள். நான் மறுப்பது, ஒரே அர்த்தத்தை அடைத்துச் சொல்லின் வாயை உருக்கி மூடுவதை. நண்பருக்கு இது புண்ணை ஆற்றும் பதில் ஆகாது. லேசாக எழுதியது என் தவறுதான். அவருடைய காயத்தின் கனத்தோடு அந்தச் சொல்லை எழுதியாக வேண்டும், அதோடு மேசை விளக்கின் கனத்தையும் சேர்த்து.

சுகாதார நிலையத்தில் அன்றைக்கு எட்டாவதாக ஒரு பாட்டி வந்தார். ஒன்பதாவது ஆள் வர அரை மணி நேரம் ஆனது. பத்தாவது ஆளைக் காணோம். திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் மிச்ச மருந்து வீண். பாட்டியே எழுந்து வெளியே போய், எதிரே டீக்கடையில் நின்ற ஒருவரை, "வாய்யா, உன்னாலதான் நாங்க காத்துக் கெடக்கோம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அதன் பிறகுதான் குப்பி திறந்தது.